திண்டிவனத்திலிருந்து நலம்

அந்தச் சர்வர் விழுப்புரத்தில் சக்கரபாணியின் வீட்டுக்குள் வந்து இறங்கிய நாளோடு பல்லிகள் சத்தம் போடுவதை நிறுத்திக்கொண்டன. சமையலறைப் பல்லி, பூஜையறைப் பல்லி, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் மூன்று தலைமுறையாகக் குடியிருந்த பல்லி எல்லாம் மூட்டை முடிச்சோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டதாக வீரம்மாள் சொன்னாள். நம்பலாம். சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கிய சர்வர் அது. நாலு பேர் சேர்ந்து பிணம் தூக்குவது போலத் தூக்கித்தான் உள்ளே வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் அதன் மின்விசிறிகள் ஊளையிட்ட ஊளையில், ஜங்ஷனில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில் தனக்குத்தான் விசில் கொடுக்கிறார்கள் என்று கிளம்பிப் போய்விட்டது.

"இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் வீரம்மாள்.

"மெயின்பிரேம் ஆக்கப் போறேன்."

அவள் மேலே கேட்கவில்லை. மெயின்பிரேம் என்ற சொல் அந்த வீட்டில் முதல் மனைவியின் பெயர் மாதிரி. சென்னையில் ஒரு பெரிய காப்பீட்டு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் ஹாலில் சக்கரபாணி ஆப்பரேட்டர். கல்யாண மண்டபம் அளவுக்கு ஹால், பீரோ பீரோவாக மெஷின். அதே ஹாலில் இன்னொரு ஆப்பரேட்டர் திண்டிவனத்து அடைக்கலராஜ். இருவரில் யார் கெட்டிக்காரர் என்ற வழக்கு அங்கே ஆரம்பித்து, இருவரும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் வாய்தா மேல் வாய்தாவாக நடந்துகொண்டிருந்தது.

இப்போது அடைக்கலராஜ் ஒரு படி மேலே. சின்ன சர்வரையே பீரோ மெஷின் என்று நம்ப வைக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அதற்குள் அந்தக் காலத்து மெயின்பிரேம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நிறுவி, திண்டிவனத்து வீட்டில் ஓட விட்டிருந்தார். அன்றிலிருந்து தினமும் அவரிடமிருந்து போன்.

"இன்னா சக்கரம், உன் பொணம் எந்திரிச்சிதா?"

"எந்திரிக்கும்யா. ஜல்தி இன்னா?"

"எந்திரிக்காது. நீ டிஸ்க்கு நம்பரத் தப்பாக் குடுத்திருப்ப. அப்பவே நீ அப்டித்தான்."

டிஸ்க் நம்பர் தப்பாகத்தான் இருந்தது. சக்கரபாணி அதைச் சொல்லாமல் திருத்தினார். மறுபடி கிளப்பினார். திரையில் ஒரு வரி வந்தது, நின்றது. இன்னொரு வரி வந்தது, நின்றது. கிணற்றுக்குள் கல் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போல அவர் காத்திருந்தார். கடைசியில் அது கேட்டது: இன்று என்ன தேதி?

அதுதான் அந்த சிஸ்டத்தின் குணம். தானாக எதையும் தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ளாது. கேட்கும். பதில் வரும்வரை, உலகம் அழிந்தாலும், அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கும். இதில் சிக்கல் என்னவென்றால் இந்த நூற்றாண்டின் வருடங்களை அதற்கு எண்ணத் தெரியாது. எனவே 2025க்குப் பதிலாக, கிழமையும் தேதியும் அச்சு அசலாக ஒத்துப்போகிற 1997 என்று பொய் சொல்ல வேண்டும். சொன்னார். அது நம்பியது. வரிகள் மழை மாதிரி கொட்டின.

"அதுக்குள்ள தொண்ணூத்தேழா?" வீரம்மாள் எட்டிப் பார்த்தாள். "அப்ப எனக்கு முட்டி வலி இல்ல. என்னியும் அதுக்குள்ள போட்டுடுங்க."

சக்கரபாணி சிரிக்கவில்லை. திரை அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. இப்போது எல்லாம் தயார், என்ன ஆணை என்று.

திண்டிவனம் மெஷினையும் விழுப்புரம் மெஷினையும் இணையம் வழியாகக் கோத்துவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பலாம். அதற்கான வழியை அடைக்கலராஜ் ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தார். மறுநாள் காலை, பல் விளக்குவதற்கு முன்னால், சக்கரபாணி கோத்தார். ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தார்: ராஜு, வந்துட்டேன் பாரு.

விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது.

நலம். தாங்கள்?

சக்கரபாணிக்கு வாயெல்லாம் பல். பொறாமை முற்றி மரியாதை வந்துவிட்டது பார் என்று வீரம்மாளிடம் சொன்னார். அடுத்து ஒரு கிண்டலை அனுப்பினார்.

நலம். தாங்கள்?

இன்னும் பெரிய கிண்டல். அதற்கும் அதே பதில். சரி, விளையாடுகிறான். அப்படியென்றால் இதைத் தாங்கிக்கொள்கிறானா பார்க்கலாம் என்று, உலகத்தில் அடைக்கலராஜிடம் யாரும் சொல்லக் கூடாத விஷயத்தை அடித்தார். டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி வந்து நின்ற நாளில், மொத்த ஹாலும் பார்க்க டேப்பைத் தலைகீழாக மாட்டியவன் யாரு? இதைச் சொன்ன ஒரு மேலாளரை அடைக்கலராஜ் மாடிப்படி மாடிப்படியாகத் துரத்தியிருக்கிறார். இதைச் சொன்னால் கல்லறையிலிருந்துகூட எழுந்து வருவார்.

நலம். தாங்கள்?

சக்கரபாணி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அறை ஏசி இல்லாமலே குளிர்ந்தது. அடைக்கலராஜ் ஒற்றை விரலால் டைப் அடிக்கிறவர். அவர் ஒரு வரி அடிப்பதற்குள் கேப்பைக் கூழ் காய்ச்சி ஆற வைத்துக் குடித்துவிடலாம். இந்தப் பதில்களோ கேள்வி போய்ச் சேரும் முன்பே வந்து நின்றன.

போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். ஓய்ந்தது.

"கோயிலுக்குப் போயிருப்பாருங்க," என்றாள் வீரம்மாள். "அண்ணன் பூசைக்குப் போனா போன எடுத்துக்கினு போவ மாட்டாரு."

"இரு."

ஒரு மெஷினின் கன்சோலில், அதாவது ஆப்பரேட்டர் முன்னால் இருக்கும் திரையில், பதில் சொல்லப்படாத கேள்விகள் ஏதும் நிற்கின்றனவா என்று இன்னொரு மெஷினிலிருந்தே கேட்க முடியும். கேட்டார். திண்டிவனம் பணிவாகச் சொன்னது: ஒன்று நிற்கிறது. புது டிஸ்க்கை மாட்டவும், அல்லது ரத்து என்று சொல்லவும். நேற்று மத்தியானத்திலிருந்து நிற்கிறது.

சக்கரபாணி அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

"இன்னாங்க?"

"கேள்வி தொங்கினு கீது."

"தொங்கட்டுமே."

"ராஜு மெஷின்ல தொங்காது வீரம்மா. சாப்ட்டுக்கினு இருக்கும்போது கேள்வி வந்தா எச்சக் கையோட ஓடியாந்து பதில் போடுவான். கல்யாணத்தன்னிக்கு மோதிரம் மாத்தன கையோட ஹாலுக்குப் போன் பண்ணி, தொங்குறது ஏதாச்சும் இருக்கான்னு கேட்டவன். நேத்து மத்தியானத்துலேர்ந்து விட்டு வெச்சிருக்கான்னா அவனுக்கு எழுந்திரிக்க முடியல. இல்லன்னா..."

அவர் போனைத் திரும்ப எடுத்தார்.

அடைக்கலராஜின் மகள் பிரின்சி கனடாவில். அங்கே தூங்கும் நேரம். எழுப்பினார்.

"இல்ல அங்கிள், அப்பா நல்லாருக்காரே," என்றாள் தூக்கக் குரலில். "நேத்துகூட அவர் மெஷினுக்கு மெசேஜ் போட்டேன். நலம்னு உடனே பதில் வந்துச்சு."

"நலம். தாங்கள்னா?"

இப்போது முழுதாக விழித்த குரல் வந்தது. "அப்பா என்னைத் தாங்கள்னு சொல்ல மாட்டாரு அங்கிள். நான்தான் கவனிக்கல."

பக்கத்து வீட்டு அம்சாவின் நம்பரை அவள் கொடுத்தாள். அம்சா நிம்மதியாகப் பேசினாள். "உள்ளதான் இருக்காருங்க. மிஷின் சத்தம் கேட்டுக்கினே இருக்குது. லைட்டும் எரியுது. வேலையா இருக்கும்போது கதவத் தட்டுனா பேஜாராயிடுங்க, வள்ளுனு விழுவாரு."

"நேத்துலேர்ந்து அவரக் கண்ணால பாத்தியாம்மா?"

"பாக்கலீங்க. அதான் சத்தம் கேக்குதே."

கதவை உடைக்கச் சொன்னார். வெளியே இரும்புக் கம்பிக் கதவு, உள்பக்கம் பூட்டு. வெல்டிங் பட்டறை சின்னதுரையைக் கூட்டி வருவதாகச் சொன்னாள். சக்கரபாணி சட்டையை மாட்டினார். கிளம்பும் முன் ஒரு வேலை செய்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை திண்டிவனத்தைத் தானாகவே நலமா என்று கேட்கும்படி தன் மெஷினுக்கு ஆணை கொடுத்து, வீரம்மாளை அதன் முன்னால் உட்கார வைத்தார்.

"வேற மாதிரி பதில் வந்தா, திட்டா இருந்தாலும் சரி, ஒடனே எனக்குப் போன் பண்ணு."

"வள்ளுனு விழுந்தாகூடவா?"

"அதான் வேணும்."

திண்டிவனம் பேருந்து அன்றைக்கு ஓடவில்லை, ஊர்ந்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் இந்தியாவிலிருக்கிற எல்லா லாரிகளும் அவருக்கு முன்னால் நின்றன. கூட்டேரிப்பட்டில் மயிலத்துக்குப் போகிற ஒரு கூட்டம் இறங்கி, இறங்கி, இறங்கிக்கொண்டே இருந்தது. வீரம்மாள் இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டு முறையும் ஒரே சேதி: "நலம்னுதாங்க வருது."

அவர் போய்ச் சேர்ந்தபோது சின்னதுரை கம்பியை அறுத்து முடித்திருந்தான். தெருவே கூடியிருந்தது. ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. அந்தக் கதவிடுக்கிலிருந்து வந்த குளிர் அப்படி. மெஷினுக்காக அடைக்கலராஜ் ஏசியைக் கடைசி அளவுக்கு வைத்திருந்தார். பிணவறைக் காற்று அது. வெளியே நின்ற கோழியே சளி பிடித்துத் தும்மியது.

சக்கரபாணி உள்ளே போனார். சர்வர் கூவிக்கொண்டிருந்தது. திரையில் பச்சை எழுத்துகள், ஒரு பீப், ஒரு வரி. ஒரு பீப், ஒரு வரி. மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இரும்பு அலமாரி ஒன்று சாய்ந்து கிடந்தது. அதன் மேல் புதிதாக வாங்கிய டிஸ்க் பெட்டி. அதன் கீழே ஒரு செருப்பு, செருப்புக்குள் ஒரு கால்.

"ராஜு."

சர்வர் கூவியது.

"யோவ் ராஜு."

"லேட்டு," என்றது அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். காய்ந்த வேர்க்கடலைத் தோலை மிதித்த மாதிரி இருந்தது.

சின்னதுரையும் இன்னும் நாலு பேரும் உள்ளே பாய்ந்தார்கள். அம்சா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். சக்கரபாணி குனிந்து ஈரத் துணியை அவர் உதட்டில் வைத்தார். ஒற்றை ஆளாகப் பெட்டியை மேல் தட்டில் ஏற்றப் போய், அலமாரியே மேலே வந்து விழுந்திருக்கிறது. தொடையிலிருந்து அசைய முடியவில்லை. போன் மேசை மேல். அது அடிப்பது கேட்கும், எட்டாது.

"ஆனா ஸ்கிரீன் தெரிஞ்சிது," என்றார் அடைக்கலராஜ். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. "நேரா மூஞ்சிக்கு எதிர்ல. பிரின்சி கேட்டா. அது நலம்னிச்சு. நீ கேட்ட. அது நலம்னிச்சு. நான் கத்திக்கினு கெடக்கேன் சக்கரம், அது என் பேர்ல நலம் நலம்னு சொல்லிக்கினே கீது. மெசேஜ் வந்தா தானா அப்டி பதில் போட எழுதி வெச்சது நான்தான். தினம் தினம் பதில் போட சோம்பேறித்தனம்."

"பேசாதய்யா."

"அந்த டேப்பு விஷயத்தையும் பாத்தேன்."

சக்கரபாணி துணியை மறுபடி நனைத்தார்.

"கால் நல்லாவட்டும்."

அலமாரியை நிமிர்த்தினார்கள். அடைக்கலராஜ் போட்ட சத்தத்தில் தெருவில் நின்ற கூட்டம் இரண்டு வீடு பின்னால் போனது. மூச்சு திரும்பியதும் அவர் முதலில் சொன்னது தண்ணீர் என்றல்ல.

"அந்தக் கேள்விக்கு பதில் போடு. கண்ணு முன்னால தொங்குது, தாங்க முடியல."

சக்கரபாணி நாற்காலியில் உட்கார்ந்து ரத்து என்று அடித்தார். கேள்வி மறைந்தது. உடனே விழுப்புரத்திலிருந்து, அதாவது யாரும் அடிக்காமலே அவருடைய சொந்த மெஷினிலிருந்து, நலமா என்று ஒரு வரி வந்தது. அவர் விசைப்பலகையைத் தொடவில்லை. நலம், தாங்கள் என்று பதில் போனது. இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் குசலம் விசாரித்துக்கொண்டே இருந்தன, அடைக்கலராஜின் தலைக்கு மேலாக, அவர் முனகுவதற்கு மேலாக. அவர் செத்திருந்தாலும் விசாரித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். ஒரு வாரம், ஒரு மாதம், மின்சாரக் கட்டணம் கட்டவில்லை என்று பியூஸைப் பிடுங்கும் வரைக்கும்.

"நிறுத்தட்டுமா?"

"ஒயர்ல கைய வெச்சிடாத. மொறையா நிறுத்து."

முறையாகவே நிறுத்தினார். ஒவ்வொரு வேலையாக முடியச் சொல்லி, ஒவ்வொன்றும் முடிந்தேன் என்று சொல்லக் காத்திருந்து, கடைசியில் சர்வரின் சுவிட்சை அமுக்கினார். ஊளை இறங்கி இறங்கி அடங்கியது. அந்த அமைதியில் அடைக்கலராஜின் மூச்சு கரகரவென்று கேட்டது. நேற்று மத்தியானத்திலிருந்து அது இப்படித்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஸ்ட்ரெச்சரைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது போன் அடித்தது. வீரம்மாள். அவளுக்குப் பின்னால் ஏதோ அலறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இந்த மிஷின் ஊரக் கூட்டுதுங்க. திண்டிவனம் இல்ல, திண்டிவனம் இல்லன்னு வரிவரியா வந்துக்கினே கீது. பீப்பு நிக்க மாட்டேங்குது. அண்ணனுக்கு இன்னாங்க ஆச்சு?"

இவ்வளவு நேரம் நலம் என்றே காட்டிய மெஷின், ஆள் கிடைத்து எதிர் மெஷினை நிறுத்திய பிறகு ஒப்பாரி வைத்தது. சக்கரபாணி பதில் சொல்ல வாயெடுத்தார். நாக்கு நுனிக்கு வந்தது ஒரே ஒரு சொல்தான். அதைச் சொல்ல அவருக்குப் பயமாக இருந்தது.

போனை ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் காதருகே வைத்தார். "நீயே சொல்லுய்யா."

அடைக்கலராஜ் கண்ணை மூடிக்கொண்டு, விழுப்புரத்தின் அலறலைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"தங்கச்சி," என்றார். "ரொம்ப வலிக்குதும்மா."