பின் இருக்கையில் யாருமில்லாத பதினொரு கிலோமீட்டர்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் சிரித்தேன். பேருந்தில் இருந்த எல்லோருமே சிரித்தோம்.

காலை ஆறாகப் பத்து நிமிடம் இருக்கும். பியெதெகுவெஸ்தாவிலிருந்து புகாரமங்கா போகும் நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் சிக்னல். பச்சை விழுந்ததும் எங்கள் சன்னலோரம் நின்ற நீல நிற ரேஸ் பைக் ஒன்று பாய்ந்து மறைந்தது. அது நின்ற இடத்தில் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் மட்டும் நின்றிருந்தான். கால்கள் இன்னும் அகன்றே இருந்தன. ஹெல்மெட்டின் பின்பக்கம், இங்கே எல்லோருக்கும் போல, வண்டி எண் ஒட்டியிருந்தது. எண் இருந்தது, வண்டி இல்லை.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கு வேறு காரணம். பதினெட்டு வருடமாக ஸ்பானிஷ் பேசும் இந்த ஊரில் இருக்கிறேன். இதைப் படிக்க இங்கே ஒருவருக்கும் தெரியாது. முக்கியமாக, கதையில் வரும் இருவருக்கும் தெரியாது.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"யோலிமா பொறுப்பில்லாத பெண் அல்ல." இப்படி ஆரம்பித்தால் உடனே சந்தேகம் வரும்.

"இருநூறு குதிரைத்திறன் கொண்ட வண்டியில் தினமும் வேலைக்குப் போவதென்பது ——" இது கட்டுரை. விட்டுவிட்டேன்.

மூன்றாவதை அடித்துவிட்டேன். அது என்ன என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

நடந்ததை நடந்தபடியே சொல்வதுதான் நல்லது. யோலிமா பிராதாவுக்கு நாற்பத்தேழு வயது. மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் பிரிவில் வேலை. கணவன் இஸ்னார்டோ செருப்புப் பட்டறையில் தோல் வெட்டுகிறவன். இருபத்துநான்கு வருடக் கல்யாணம். இந்த ஊர் வழக்கப்படி இருவருமே ஒருவரை ஒருவர் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்கள், சண்டையிலும்கூட.

ஊழியர் சங்கக் குலுக்கலில் அவளுக்கு முதல் பரிசு விழுந்தது. ஆயிரம் சிசி ஜப்பான் வண்டி. விற்றுவிடலாம் என்றான் இஸ்னார்டோ. அவளும் சரி என்றாள். அதே வாரம் அவளுடைய பதினைந்து வருட ஸ்கூட்டர் படுத்துவிட்டது. ஸ்கூட்டர் சரியாகும்வரை ஒரு வாரம் இதை ஓட்டுகிறேன் என்றாள். பதினொரு மாதம் ஆயிற்று.

அந்த வண்டியை ஊருக்குள் ஓட்டுவது லேசான காரியம் இல்லை. முதல் கியரிலேயே நூறைத் தாண்டும். நெரிசலில் நின்றால் எஞ்சின் சூடு ஜீன்ஸைத் தாண்டித் தொடையைச் சுடும். டேங்க் மேல் கவிழ்ந்தே உட்கார வேண்டும், மணிக்கட்டு விட்டுப்போகும். சந்தையிலிருந்து மரவள்ளிக்கிழங்கை முதுகுப்பையில் போட்டு வரலாம், முட்டை வாங்கி வர முடியாது. பின் இருக்கை ஓர் அரேபா சோள ரொட்டியின் அகலம்தான். அதில்தான் இஸ்னார்டோ, முட்டி இரண்டும் விலாவைத் தொட, தினமும் உட்கார்ந்து போனான். பட்டறையில் ஒருத்தன் தினமும் கேட்பானாம்: "என்ன இஸ்னார்டோ, அம்மா பள்ளிக்கூடத்துல கொண்டாந்து விட்டாச்சா?"

யோலிமாவுக்கு மட்டும் அது வேறு ஏதோவாக இருந்தது. பிற்பாடு பழக்கமானதும் அவளே என்னிடம் சொன்னது: "நாள் பூரா ஒவ்வொரு கையா பிடிச்சு ஊசி குத்துறேன் அண்ணே. அந்த இருபது நிமிஷம்தான் என் கை எனக்கு."

3

பெட்ரோல் பங்க் சிக்னல் நீளமானது. இஸ்னார்டோ அங்கே தினமும் இறங்கி இடது முட்டியை நீட்டி மடக்குவான். பிறகு அவள் தோளைப் பிடித்து ஏறுவான். தோளில் கை விழுந்தால் ஏறிவிட்டான் என்று அர்த்தம். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வண்டியின் கண்ணாடிகளில் சொந்த முழங்கையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அன்றைக்கும் தோளில் கை விழுந்தது. பச்சை வந்தது. கிளம்பினாள்.

முந்தின நாள் சாயங்காலம்தான் பின் டயர் புதிதாகப் போட்டிருந்தாள். அதனால் வண்டி வேறு மாதிரி இருப்பது அவளுக்கு வியப்பாக இல்லை. வளைவில் நினைத்தவுடன் சாய்ந்தது, நினைத்தவுடன் நிமிர்ந்தது. ஹெல்மெட்டுக்குள்ளேயே அவனோடு பேசிக்கொண்டு போனாள். காற்றில் பதில் கேட்காது என்பதால் பதில் வராதது அவளுக்கு உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா வீட்டு விருந்துக்குப் போக வேண்டுமா, தண்ணீர்க் குழாய்க்கு ஆள் கூப்பிட்டானா. கடைசியாக, "இன்னிக்கு வண்டி எவ்வளவு நல்லா ஓடுது பாத்தீங்களா" என்றாள்.

பட்டறை வாசலில் நிறுத்தினாள். அவன் இறங்கட்டும் என்று காத்திருந்தாள். எதிரே டிபன் கடை போடுகிற பெண் அவளையே பார்த்தாள். "இறங்குங்க, நேரமாச்சு" என்றாள் யோலிமா. பிறகு திரும்பினாள்.

[இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன், அவள் நெஞ்சு எப்படி அடித்தது என்று. அவளே சொன்ன வாக்கியம் போதும்: "முதல்ல சீட்டைத் தொட்டுப் பாத்தேன் அண்ணே. சில்லுனு இருந்துச்சு."]

சூடாறின இருக்கை என்றால் விழுந்து நேரமாகியிருக்கிறது. அவளுக்குத் தோன்றியது அது ஒன்றுதான். எங்கோ, எந்த வளைவிலோ, எண்பதிலோ நூறிலோ, அவன் விழுந்து கிடக்கிறான். அவள் டயரைப் பாராட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

4

அந்த நேரம் இஸ்னார்டோ என் பக்கத்து இருக்கையில் இருந்தான். நடுரோட்டில் நின்றவனைப் பார்த்து எங்கள் ஓட்டுநர் கதவைத் திறந்து, ஏறுங்க, இங்க நின்னா அடிச்சுட்டுப் போயிருவான் என்றிருந்தார். காசு கேட்கவில்லை. இஸ்னார்டோ ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தான். அவன் போன் அவளுடைய பையில் இருந்தது. என் போனை நீட்டினேன். ஓட்டும்போது எடுக்க மாட்டாள் என்றான்.

இனி, அடித்துவிட்ட மூன்றாவது தொடக்கம். ஐந்து முறை எழுதி ஐந்து முறை அடித்தது. "அவன் அவள் தோளில் கை வைத்தான், காலைப் பாதி தூக்கினான், இறக்கினான், கையை எடுத்துக்கொண்டான். அப்போதும் சிவப்புத்தான் எரிந்துகொண்டிருந்தது."

நான்கைந்து விநாடி இருக்கும். மறுபடி ஏற நேரம் இருந்தது. கூப்பிடவும் நேரம் இருந்தது. சன்னலோரம் இருந்தவன் நான்.*

[* தூக்கக் கலக்கம், பேருந்துக் கண்ணாடியில் பனி. இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டேன், என் மனசு ஒப்பவில்லை.]

பன்னிரண்டு நிமிடம் போயிருக்கும். எதிர்ப்பக்கச் சாலையில் ஒரு சத்தம் வந்தது, காதைக் கிழிக்கிற சத்தம். நீல வண்டி லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்தது. அவள் டேங்க் மேல் அப்படியே ஒட்டிக் கிடந்தாள். தலை மட்டும் ஓரம் ஓரமாகத் திரும்பித் திரும்பிச் சாலையைத் தேடியது. கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டாள்.

இஸ்னார்டோ எழுந்து நின்றான். பதினொரு மாதமும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தவன். அவள் ஓட்டுவதை வெளியே இருந்து அவன் பார்த்ததே இல்லை.

"அது என் வீட்டுக்காரி" என்றான் என்னிடம். "என்னைத் தேடிப் போறா. செத்துருவா."

5

சிக்னலில் அவள் வண்டியைப் போட்டுவிட்டு ஓரத்துச் சாக்கடையில் இறங்கிப் பார்த்திருக்கிறாள். பெட்ரோல் போடுகிறவன் ஓடிவந்து, அந்த ஆள் பேருந்தில் ஏறினாரே என்றிருக்கிறான். அவளுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்றாம்.

எங்கள் பேருந்தைக் கடந்து குறுக்கே நிறுத்தினாள். ஓட்டுநர் அடித்த பிரேக்கில் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். முழங்கால்வரை சேறோடு ஏறினாள். நடைவழியில் வந்து அவன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக் கழற்றினாள். முகத்தைப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டாள், நாடி பார்க்கிறவள் மாதிரி. யாரும் சிரிக்கவில்லை.

இஸ்னார்டோதான் முதலில் பேசினான். "எங்க வெச்சுத் தெரிஞ்சுது?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"பட்டறை வாசல்ல."

"அதுவரைக்கும்?"

"பேசிக்கிட்டு வந்தேன்." பிறகு, மெதுவாக, "வண்டி இன்னிக்கு நல்லா ஓடுதுன்னு உங்ககிட்ட சொன்னேன்."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது போல. அப்படியே நடைவழித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் அவள் தலையில் கை வைத்தான். "விடுங்க. சிக்னல் சட்டுனு மாறிடுச்சு" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

6

இவனை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. கோழை என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தந்திரக்காரன் என்று எழுதினேன், அவன் முகம் வந்து நின்றது.

இரண்டு வாரம் கழித்து அவனே என்னை ரொட்டிக் கடையில் பிடித்தான். காப்பியை வாங்கி வைத்தான். பிறகு சொன்னான்.

"முட்டி இல்ல அண்ணே. கால் ஏறல. தினமும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் போனேன். பதினொரு மாசம். பயமா இருக்குன்னு சொன்னா அவ அன்னிக்கே வித்துருவா. அவ முகத்தை நீங்க பாத்ததில்ல, ஹெல்மெட்டைக் கழட்டுற அந்த நேரத்துல. எப்படிச் சொல்வேன்?"

"அப்ப இப்பவாவது அவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றான். அது நடந்து ஐந்து வாரம்.

இத்தனை நாளும் யோலிமா வண்டியைத் தொடவில்லை. அன்று முப்பதில் ஓட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணியைப் போட்டு மூடியதோடு சரி. எங்கள் பேருந்தில்தான் வருகிறாள், அவன் பக்கத்தில், அவன் சட்டைக் கையைப் பிடித்தபடி. இருபத்துநான்கு வருடம் கூட இருந்தவன் இல்லாமல் போனதை அறியாதவள், அறியாததோடு அது நன்றாக இருந்தது என்று வேறு சொன்னவள்: தன்னை அவள் அப்படித்தான் நினைக்கிறாள். விற்பனை விளம்பரம் போட்டாகிவிட்டது. சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பக்கத்து ஊர் ஹிரோனிலிருந்து ஆள் வருகிறான்.

7

முடிவுகள்.

அவனே சொல்லிவிடுகிறான். இரண்டு பக்கம் எழுதினேன், அவள் அழுது, அவன் அழுது. ஐந்து வாரம் வாய் திறக்காதவனை என் வசதிக்காகத் திறக்க வைத்தது எழுத்திலேயே தெரிந்தது. கிழித்தேன்.

விபத்து. இப்படிப்பட்ட வண்டி கதையில் வந்தால் யாராவது சாக வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். மாட்டேன்.

வாங்க வந்தவன் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்கிறான், அவள் ஏறுகிறாள், அப்புறம் இறங்கவே ——

இல்லை. இதுவும் என் ஆசைதான்.

8

நேற்று, வியாழக்கிழமை, எனக்குக் கொழுப்புப் பரிசோதனை. யோலிமாதான் எடுத்தாள். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஊசி போனது தெரியவில்லை. குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க சன்னல் பக்கம்தானே உட்கார்ந்திருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

"அவர் ஏறப் பாத்தாரா அண்ணே? பாதி ஏறும்போது நான் இழுத்துக்கிட்டுப் போயிட்டேனா? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, கையை மடக்கச் சொன்னாள்.

"இப்ப வேண்டாம். சனிக்கிழமை காலையில ரிசல்ட் வாங்க வருவீங்கல்ல, அப்பச் சொல்லுங்க. நான் எட்டு மணிக்கே இருப்பேன்."

ஏறப் பார்த்தான் என்று சொன்னால் அவன் மானம் நிற்கும். அவள் ஆயுசு முழுவதும் கணவனை நடுரோட்டில் உதிர்த்துவிட்டுப் போனவளாக இருப்பாள், வண்டி பதினோரு மணிக்குப் போய்விடும். ஏறவில்லை என்று சொன்னால் அவள் கைகள் அவளுக்குத் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் ஏழு வாரமாக அவள் பிடித்துக்கொண்டிருந்த சட்டைக் கை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கால் தூக்கினான், அது உண்மை. இறக்கினான், அதுவும் உண்மை. பாதியை மட்டும் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. இதைத் தமிழில் எழுதினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன். எழுதி முடித்தும் எட்டு மணி அங்கேயேதான் இருக்கிறது.

நீங்களும் அந்தச் சன்னல் வழியாகத்தான் பார்த்தீர்கள். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது, அவன் கை அவள் தோளில் இருந்தது. அவளுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?