கலைமணியின் கைக்கு நான் கொடுத்த சான்று

சூரமங்கலத்தில் டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பொன்முகம் அழகுக்கலைப் பயிற்சி மையத்தில் என் முகத்தை இதுவரை நாற்பத்தேழாயிரம் தடவை கழுவியிருக்கிறார்கள். கொஞ்சம் குறைத்துச் சொல்ல வேண்டுமென்றால் பதினொரு தடவை.

முப்பத்திரண்டு வருடம் சேலம் ஜங்ஷன் விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்றால் நாற்பது என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறி ஐம்பது என்று சொன்னால் யாராவது நிதானமாகப் பூரி தின்னப் போய், வண்டியின் வாலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் முப்பத்திரண்டு வருடம் கூட்டாமல் குறைக்காமல் பேசினேன். ஓய்வு பெற்ற அன்றே தீர்மானித்துவிட்டேன், இனிமேல் எந்த எண்ணையும் அது இருக்கும் அளவிலேயே விட்டுவைப்பதில்லை என்று.

மையத்தின் வாசலில் ஒரு போர்டு. 'மாணவிகள் செய்யும் ஃபேஷியல், தலை மசாஜ், முதுகு மசாஜ்: செவ்வாய், வியாழன் இலவசம்.' மையத்தின் பெயரைவிட இலவசம் பெரிய எழுத்தில் இருந்தது. படியேறினேன். ஒரே நிபந்தனை, முடிந்ததும் கருத்து நோட்டில் நாலு வரி எழுத வேண்டும். எழுதச் சொன்னால் எனக்கு வலிக்குமா?

ஆரம்பத்தில் சின்னப் பெண்கள் கையில் மாட்டினேன். ஒருத்தி என் கண்கள் மேல் வெள்ளரித் துண்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அவள் திரும்பி வந்தபோது வெள்ளரி முளைத்துக் கொடி ஓடியிருந்தது. இன்னொருத்தி பூசிய ஃபேஸ் பேக்கைக் கழுவ மறந்து அனுப்பிவிட்டாள். அது காய்ந்து இறுகியதில் வாயைத் திறக்க முடியாமல், எங்கே இறங்கணும் என்று கேட்ட டவுன் பஸ் கண்டக்டருக்கு 'ம்ம்' என்று மட்டும் சொல்லி ஓமலூர் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

அதற்கப்புறம்தான் கலைமணி வந்தாள். முப்பத்தெட்டு வயது. புதுச்சத்திரத்துக்காரி. தினமும் விடியற்காலை பஸ்ஸில் வந்து போகிறவள். அவள் என் நெற்றியில் கை வைத்ததே எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். அந்த நேரத்தில் டீச்சர் சத்யபிரியாவின் குரல் கேட்டது.

"கலைமணி, பிரஷர்! பிரஷர் குடுங்க!"

"குடுத்துக்கிட்டுத்தானுங்க மேடம் இருக்கேன்."

"எங்க குடுக்கறீங்க? ஈ உட்கார்ந்தாகூட ஆன்ட்டிக்குத் தெரியும். உங்க கை உட்கார்ந்தது தெரியல."

சத்யபிரியாவுக்கு என் மகள் வயதில் பாதிதான் இருக்கும். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லுக்காகவே வாரத்துக்கு இரண்டு நாள் படியேறலாம்.

அவள் அந்தப் பக்கம் போனதும் கேட்டேன். "ஏன் சாமி, அழுத்த மாட்டேங்கற?"

"பயமா இருக்குதுங்கம்மா. பதினெட்டு வருசம் கோழிப் பண்ணையில முட்டை பொறுக்குனேனுங்க. ஒரு கையில மூணு மூணா எடுத்து ட்ரேயில வெக்கோணும். அழுத்துனா ஒடைஞ்சுபோகும்னே கையி பழகிப்போச்சுங்க."

"நான் என்ன முட்டையா?"

அவள் என் தலையைப் பார்த்தாள். என் முடியின் நிலைமை அப்படி. "கொஞ்சம் அந்தச் சாயல் இருக்குதுங்க" என்றாள்.

சிரித்ததில் நாற்காலி மூன்றடி நகர்ந்தது. அன்றிலிருந்து என் முகமும் முதுகும் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஏன் இந்த வயதில் சின்னப் பெண்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. கோழிக் கொட்டாயின் தூசி அவள் நெஞ்சில் இறங்கிவிட்டது. இனி உள்ளே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராசிபுரத்தில் பார்லர் வைத்திருக்கும் சௌமியா என்ற பெண், ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் வேண்டும், முத்திரை போட்ட சான்றிதழோடு வந்தால் நாளைக்கே ஒரு நாற்காலி உனக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

"சான்றிதழ் இல்லீன்னா?"

"மறுபடியும் கொட்டாய்தானுங்க. வேற என்ன தெரியுமுங்க எனக்கு?" என்றாள். சொல்லும்போதே லேசாக இழுத்தது மூச்சு.

ஆடி பிறந்ததும் தேர்வு. ஈரோட்டிலிருந்து வெளித் தேர்வாளர் வருவார், ஒவ்வொரு மாணவியும் ஒரு மாடலைக் கூட்டிவர வேண்டும், கருத்து நோட்டையும் பார்த்துத்தான் மார்க் என்று சத்யபிரியா அறிவித்தாள். நான் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். கலைமணியிடம் இல்லாதது அழுத்தம் ஒன்றுதானே? அதை நான் கொடுத்துவிட்டுப் போகிறேன். பேனா என் கையில்தானே இருக்கிறது?

எழுதினேன். 'கலைமணி முதுகில் கை வைத்ததும் என் எலும்புகள் சடசடவென்று முறிந்து, மறுபடி வரிசையாகச் சேர்ந்தன. நான் போட்ட அலறலை ஊதல் என்று நினைத்து ஜங்ஷனில் நின்ற சரக்கு வண்டி புறப்பட்டுவிட்டது. மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. நான்காம் நாள் பதினெட்டு வயதுப் பெண்ணாக எழுந்தேன். இவருக்கு நூற்றுக்கு நூற்றுப்பத்து. இப்படிக்கு, கண்ணாத்தாள், வயது 66.'

அடுத்த வாரம் இதைவிடப் பலமாக ஒன்று. அதற்கடுத்த வாரம் இன்னும் பலமாக. சத்யபிரியா நோட்டில் எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணினாளே தவிர, ஒன்றையும் படிக்கவில்லை. கலைமணி கூச்சத்தில் அந்தப் பக்கமே போகவில்லை.

தேர்வு நாளில் கலைமணியின் மாடலாக, தலைக்குக் குளித்துப் போய் உட்கார்ந்தேன். தேர்வாளர் பெயர் சாரதாமணி. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. நோட்டைத் திறந்தார். 'நன்றாக இருந்தது', 'நன்றாக இருந்தது', 'நன்றி' என்று பக்கங்கள் புரண்டன. பிறகு ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அது என் பக்கம் என்று எனக்குத் தெரியும். சிரிப்பார் என்று ஆவலோடு காத்திருந்தேன்.

சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாம் முறை படித்தார்.

"அறுபத்தாறு வயசு அம்மாவ மூணு நாள் படுக்கையில போட்டது யாரு?"

கலைமணி எழுந்து நின்றாள்.

"இவங்களை இன்னைக்கு யார் மேலயும் கை வைக்க விடமாட்டேன். வயசானவங்க எலும்பு என்ன ஆகும்னு தெரியாம என்ன பயிற்சி இது? சத்யபிரியா, இதை நீங்க படிக்கவே இல்லையா?"

சத்யபிரியாவின் முகம் அவள் பூசும் பேக்கைவிட வெளுத்தது. கலைமணி என்னைத்தான் பார்த்தாள். "என்னத்தைங்கம்மா எழுதுனீங்க?"

அந்தப் பார்வையை எந்த அளவுக்கும் கூட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. எழுந்தேன்.

"மேடம், அதெல்லாம் பொய்ங்க."

"எது பொய்?"

"கையெழுத்தும் வயசும் தவிர எல்லாமே."

"மூணு நாள் படுக்கை?"

"அன்னிக்குச் சாயந்திரமே அஞ்சு ரோட்டுல ஐஸ்கிரீம் தின்னேனுங்க."

சாரதாமணி கலைமணி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லிக் குடுத்தீங்களா, இப்படிப் பேசச் சொல்லி?"

"இல்லீங்க மேடம்! எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க!"

நான் என்ன சொன்னாலும் அது கலைமணியைக் காப்பாற்றச் சொல்வதாகவே அவருக்குப் பட்டது. என் பேச்சு முழுக்க இப்படி ஆகிவிட்டதே என்று முதன்முறையாகத் திக்கென்றது. கடைசியில் ஆறு வருடமாக எடுக்காத கவுன்டர் குரலை எடுத்தேன். "பதினொரு தடவை வந்தேன். அதில் ஏழு தடவை கலைமணி. ஏழு தடவையில் ஒரு தடவைகூட முதுகில் அழுத்தம் இருந்ததில்லை."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பொய் சொல்லிக் கெடுத்தது போதாதென்று உண்மையைச் சொல்லியும் கெடுத்திருந்தேன். முதுகுக்கான மார்க்கை என் வாயாலேயே அழித்துவிட்டேன். கலைமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

சாரதாமணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வளையலை மேலே தள்ளிவிட்டு முன்கையை மேசை மேல் நீட்டினார். "வாங்க. எண்ணெய் எடுத்துக்கங்க. உங்க முழு பலத்தோட செய்யுங்க. எனக்கு வலிச்சா நிறுத்தச் சொல்றேன்." கண்ணை மூடிக்கொண்டார்.

ஃபேன் சுற்றியது. கீழே டயர்க் கடையில் காற்றடிக்கும் மிஷின் ஓடி நின்றது. ஜங்ஷன் பக்கம் ஒரு வண்டி ஊதியது. பெட்டிகளை எண்ணலாமா என்று யோசித்தேன், எண்ணவில்லை.

"ம், எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்றார் சாரதாமணி.

"ஆரம்பிச்சு ரெண்டு நிமிசம் ஆச்சுங்க மேடம்."

அவர் கண்ணைத் திறந்தார். முன்கை முழங்கை வரைக்கும் எண்ணெயில் பளபளத்தது. கலைமணியின் இரண்டு கைகளும் அதன் மேல்தான் இருந்தன, வேர்வை அவள் நெற்றியில் ஓடிக்கொண்டிருந்தது. சாரதாமணியின் உதட்டோரம் ஒரு பக்கமாக ஏறியது. யாரோ ஒரு சின்னப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முன்ன என்ன வேலை பார்த்தீங்க?"

"முட்டை பொறுக்குனேனுங்க."

சாரதாமணி கண்ணாடியைக் கழற்றினார். போய் ஃபேஷியல் நாற்காலியில் சாய்ந்தார். "கண்ணுக்குக் கீழ செய்யுங்க, அப்புறம் தலைக்கு" என்றார். தேர்வாளரே மாடலாகப் படுத்ததை அந்த மாடி அதுவரை பார்த்ததில்லை. கலைமணி இரண்டு மோதிர விரல்களால் க்ரீமை எடுத்தாள். கால் மணி நேரம். நான் கவுன்டர்க்காரியாகச் சொல்கிறேன், சரியாகக் கால் மணி நேரம்.

எழுந்தவர் சுவர்க் கண்ணாடியில் தன் முகத்தை அருகில் போய்ப் பார்த்தார். "இந்த இடத்துலதான் நல்லாப் படிச்ச பொண்ணுங்களும் தோலை இழுத்துடுவாங்க" என்று சத்யபிரியாவிடம் சொன்னார். "முகத்துக்கும் தலைக்கும் பாஸ் போடறேன். அதுக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. முதுகுக்குப் பூஜ்யம். மூணு மாசம் கழிச்சு மறுபடி வரட்டும்."

கலைமணி படிக்கட்டில் நின்று ராசிபுரத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் சௌமியாவின் குரல் தெருவுக்கே கேட்டது. "எனக்கு முகம்தானுங்க்கா வேணும்! கல்யாணப் பொண்ணு முதுகை எந்தப் போட்டோக்காரன் எடுக்கறான்? பேப்பரை எடுத்துக்கிட்டுத் திங்கக்கெழமை வாங்க!" கலைமணி போனை முந்தானையில் துடைத்தாள், துடைக்க வேண்டியது கண்ணாக இருந்தது.

நான் நைசாக இறங்கப் பார்த்தேன். சாரதாமணி விடவில்லை. நோட்டில் என் மூன்று காவியங்களையும் குறுக்கே அடித்து, கீழே புதிதாக எழுதச் சொன்னார். எழுதினேன். 'அழுத்தம் இல்லை. முகம் நன்றாக இருந்தது.' வாழ்க்கையில் ஐந்து சொல் எழுத இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

"மூணு மாசம் முதுகு பழகறதுக்கு ஆள் வேணுமே?" என்றார் அவர், என் முதுகைப் பார்த்தபடி.

இப்போது செவ்வாய்தோறும் பார்லருக்கு விடுமுறை. கலைமணி ராசிபுரம் பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். மூச்சு இழுப்பதில்லை. நான் குப்புறப் படுக்கிறேன். "முட்டைன்னு நெனைக்காத சாமி, பரோட்டா மாவுன்னு நெனைச்சுக்க" என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். புத்தி கெட்டவள்.

போன செவ்வாய் என் இடது தோள்பட்டைக்குக் கீழே ஏதோ சடக்கென்றது. நிஜமாகவே சடக்கென்றது. அலறினேன்.

"ஆன்ட்டி, நடிக்காதீங்க" என்று பக்கத்து அறையிலிருந்து சத்யபிரியா சொன்னாள். "நோட்டை பீரோவுல வெச்சுப் பூட்டியாச்சு."

கலைமணியின் கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பழையபடி லேசாகி, முதுகை விட்டு மேலே எழும்பப் பார்த்தது. "வலிக்குதுங்களா?"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மெத்தையில் முகத்தை நன்றாகப் புதைத்துக்கொண்டேன்.

"துளிகூட இல்ல சாமி. இன்னுங் கொஞ்சம் போடு."

அவள் நம்பிவிட்டாள்.