விர்ஜில் கேட்ட வாத்துச் சத்தம்

எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர் சங்கத்தில் யாரும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. போரைப் பார்த்தவன் வாயைத் திறக்க மாட்டான். போர்வையை எண்ணினவன் வாயை மூட மாட்டான்.

சங்கத் தலைவர் ரஸ் கென்ஸியர் ஜெர்மனியில் ஒரு கிடங்கில் காலுறையும் போர்வையும் எண்ணிக்கொண்டிருந்தவர். அதில் ஒரு குறைவும் இல்லை கண்ணுகளா, காலுறை இல்லாமல் எந்தப் பட்டாளம் நடந்திருக்கிறது? ஆனால் அவருடைய போர் வருஷா வருஷம் கொஞ்சம் வளரும். முதலில் அந்தக் கிடங்கு எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்புறம் எல்லையிலேயே இருந்தது. போன குளிர்காலத்து மீன் விருந்தில் பார்த்தால், கிடங்கு எல்லையைத் தாண்டி ரஷ்யர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது.

விர்ஜில் ஓஸ்ட்பி வியட்நாமில் நிஜமாகவே சேற்றில் நடந்தவர். தொடையில் இரும்புத் துண்டோடு மினசோட்டாவுக்குத் திரும்பி வந்தார். போர் எப்படி இருந்தது என்று கேட்டால், "ஈரமா இருந்துச்சு" என்பார். மேலே ஒரு சொல் வராது.

மூன்றாவது ஆள் ஆர்லோ ட்வெட். பள்ளிக்கூடத்தில் ட்ரம்பெட் ஊதியவர் என்று தெரிந்ததும், பட்டாளம் அவரைச் சண்டைக்கு அனுப்பாமல் கான்சாஸ் முகாமின் வாத்தியக் குழுவில் போட்டது. சவப்பெட்டியில் திரும்பி வந்த பையன்களுக்கு ஊர் ஊராகப் போய், குழிக்கு அருகில் நின்று கொம்பு ஊதுவதுதான் அவர் செய்த போர். முகாமில் ராத்திரி விளக்கணைக்கும்போது ஊதும் மெட்டுதான் அது. சாவுக்கும் அதேதான்.

இப்போதும் எங்கள் ஊரில் பழைய பட்டாளத்துக்காரர் யார் செத்தாலும் சங்கத்து ஆட்கள்தான் போய் மரியாதை செய்வார்கள். மூன்று முறை வேட்டு, மடித்த கொடி, கடைசியில் ஆர்லோவின் கொம்பு. என் வீட்டுக்காரர் லெஸ்டரும் துப்பாக்கி வரிசையில் நிற்பார். சாப்பாட்டுக்கு நான்.

ஆர்லோவுக்குப் பல் போய் பல்செட் வந்ததும் கொம்பு ஊத முடியவில்லை. ரஸ் உடனே ஒரு புதுக் கொம்பு வரவழைத்தார். உள்ளே சின்னப் பெட்டி. பொத்தானை அமுக்கி உதட்டில் வைத்தால், சற்று நேரத்தில் பெட்டியே பாடும்.

"எச்சில் இல்ல, பிசிறு இல்ல. பேட்டரி மட்டும் போதும்" என்றார் ரஸ்.

முதல் சாவிலேயே உண்மையைச் சொல்லிவிடத்தான் ஆர்லோ நினைத்தார். செத்தவரின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சொல்ல முடியவில்லை. இரண்டாவது சாவில் கன்னத்தை உப்பக் கற்றுக்கொண்டார். மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு, பக்கத்து ஊர்களிலிருந்தும் கூப்பிட்டார்கள். இவ்வளவு சுத்தமாக ஊதுகிற ஆள் இந்த மாநிலத்திலேயே கிடையாது என்று பேச்சு. பெட்டிக்குள் ஊதியவன் யாரோ, அவன் புகழையும் சேர்த்து ஆர்லோவே சுமந்தார். துப்பாக்கி வரிசைக்கு மட்டும் சங்கதி தெரியும். சங்கத்து மானம் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இப்படியே எட்டு வருஷம் ஓடியது. அப்புறம் விர்ஜிலுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது.

ஒரு மத்தியானம் விர்ஜில் வீட்டுச் சமையலறையில் அவரும் ஆர்லோவும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். விர்ஜிலின் மனைவி டோலோரஸ் பாத்திரம் கழுவுகிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டு எனக்குச் சொன்னாள்.

"ஆர்லோ, என் குழிகிட்ட அந்த ரேடியோவத் தூக்கிட்டு வந்த, எந்திரிச்சு வந்து உதைப்பேன்."

"எந்த ரேடியோ?"

"டேய், எட்டு வருஷமா உன் பக்கத்துல துப்பாக்கியோட நிக்கிறேன். என்கிட்டயேவா? கன்னம் பலூன் மாதிரி உப்புது, கழுத்துல ஒரு நரம்பு அசையல."

"பல்லு இல்லடா விர்ஜில். நானா ஊதினா வாத்து கத்துற மாதிரி வரும்."

"வரட்டுமே. ஆயுசு பூரா வாத்து சுட்டவன் நான். போறப்ப ஒரு வாத்து வந்து திட்டிட்டுப் போகட்டும்."

"நீ சிரிப்ப. ஊர்க்காரன் கேப்பான்டா. இத்தன வருஷம் ஊதினது யாருன்னு கேப்பான். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தெருவுல நடக்குறது?"

விர்ஜில் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "வியட்நாம்ல செத்த எங்க பசங்களப் போர்வையில சுத்தி ஹெலிகாப்டர்ல ஏத்துவோம். அந்த இரைச்சல்ல நாங்க சொன்ன ஜெபம் எங்களுக்கே கேக்காது. அவனுங்களுக்கு மெஷின் சத்தம்தான் கிடைச்சுது. எனக்கு ஒரு மனுஷன் மூச்சு வேணும்டா. நல்லா இருக்கணும்னு கேட்டனா?"

ஆர்லோ ஒரு சீட்டை இறக்கினாராம். "சரி" என்றாராம். அந்த ஆட்டத்திலும் விர்ஜில்தான் ஜெயித்தார். சாகப்போகிறவன் என்று ஆர்லோ விட்டுக்கொடுக்கவெல்லாம் இல்லை.

பனி விழத் தொடங்கியபோது விர்ஜில் போய்ச் சேர்ந்தார். ஆர்லோ கார் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தன் பழைய ட்ரம்பெட்டை எடுத்துப் பழகினார். கொட்டகைக்குள் அடிபட்ட வாத்து ஏதோ மாட்டிக்கொண்டது என்று எதிர்வீட்டுக்காரர் வலையோடு வந்து நின்றார்.

விஷயம் ரஸ்ஸுக்கு எட்டியது. சங்கத்து அடுக்களையில், எனக்கு முன்னாலேயே ஆர்லோவைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கென்ன மூளை பிசகிடுச்சா? சங்கத்து மாவட்டத் தலைவரே அடக்கத்துக்கு வர்றாரு. அவருக்கு முன்னாடி வாத்து மாதிரி கத்தப் போறியா?"

"விர்ஜிலுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"விர்ஜிலுக்குக் காது கேக்காதுப்பா இனிமே! உயிரோட இருக்கிறவன் மானத்தப் பாரு. உன் மானத்தையும்தான் சொல்றேன்."

"அதத்தான் நானும் பாக்குறேன் ரஸ்."

"களத்துல எப்பவும் மாற்றுத் திட்டம் ஒண்ணு கையில இருக்கணும். எனக்கு அனுபவம் இருக்கு."

"எதுல? வலது காலுறை தொலைஞ்சா இடது காலுறையா?"

நான் முட்டைக்கோஸ் நறுக்குவதைப்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடக்கத்தன்று காற்று காதை அறுத்தது. மூன்று வேட்டும் வெடித்தன. லெஸ்டரின் துப்பாக்கி மட்டும் வழக்கம்போல இரண்டாவது வேட்டில் சிக்கிக்கொண்டது. கொடியை முக்கோணமாக மடித்து டோலோரஸ் மடியில் வைத்தார்கள். ஆர்லோ பல்செட்டைப் பசையால் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். ட்ரம்பெட்டைத் தூக்கினார். கன்னம் உப்பவில்லை. கழுத்து நரம்பு மட்டும் கயிறு மாதிரிப் புடைத்தது.

முதல் இரண்டு சுரம் நல்லபடி வந்தன. மூன்றாவதில் வாத்து வந்துவிட்டது.

பைன் மரத்துக்குப் பின்னால் மாற்றுத் திட்டத்தோடு ஒளிந்து நின்ற ரஸ், பதறிப்போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டார். பெட்டி உடனே பாடாதே, சற்று யோசித்துத்தானே பாடும்? ஆர்லோ விடாமல் ஊதிக்கொண்டு போனார். அவர் ஆறாவது சுரத்தில் முக்கிக்கொண்டிருக்கும்போது, மரத்துக்குப் பின்னாலிருந்து தேன் மாதிரி முதல் சுரம் புறப்பட்டது. ரஸ் நிறுத்தப் பார்த்தார். தடித்த கையுறைக்குள் பொத்தான் அகப்படவில்லை. கொம்பைக் கோட்டுக்குள் திணித்தார். அது அவர் தொப்பைக்குள்ளிருந்து பாடியது.

ஆர்லோ ட்ரம்பெட்டை இறக்கிக்கொண்டு, ரஸ்ஸின் தொப்பை பாடி முடிக்கும்வரை மரியாதையாக நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் சுரத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார். அழகாக ஊதினார் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். உச்ச சுரத்தில் பல்செட் நழுவியது. கட்டைவிரலால் உள்ளே தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஊதி முடித்தார். டோலோரஸ் கொடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. எல்லாரும் அழுகை என்று நினைத்தார்கள்.

சாப்பாட்டுக்குச் சங்கத்துக்கு வந்தபோது, ஆர்லோ வாசலருகிலேயே நின்றார். யாராவது கேட்கட்டும், சொல்லிவிடலாம் என்று. மாவட்டத் தலைவரோ அவரைக் கடந்து நேராக ரஸ்ஸிடம் போய்க் கையைக் குலுக்கினார்.

"எதிரொலி முறை! குழிகிட்ட ஒருத்தர் ஊத, தூரத்துல ஒருத்தர் பதில் ஊதறது. பெரிய தளபதிகளுக்குத்தான் செய்வாங்க. இந்தச் சின்ன ஊருல பாப்பேன்னு நெனக்கவே இல்ல. நீங்க ஊதுவீங்கன்னே தெரியாதே!"

ரஸ் ஆர்லோவைப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார். "ஜெர்மனியில கத்துக்கிட்டது" என்றார்.

ஆர்லோவுக்குப் பொறுக்கவில்லை. "அது பெட்டிங்க! உள்ள பேட்டரி இருக்கு. எட்டு வருஷமா நானும் அதத்தான் வாயில வெச்சு ஏமாத்தினேன். இன்னிக்குத்தான் நானா ஊதினேன்!"

போதகரின் மனைவி ஆர்லோவின் தோளைத் தடவிக்கொடுத்தாள். "பாவம், நண்பர் போன துக்கம், என்னென்னவோ பேசுறாரு. எவ்வளவு நல்லா ஊதிக்கிட்டிருந்தவரு. வயசாயிடுச்சில்ல, இனிமே ரஸ்ஸே பாத்துக்கட்டும் ஆர்லோ."

எட்டு வருஷப் பொய்யை நம்பிய ஊர், அரை நிமிஷ உண்மையை நம்பவில்லை. பயந்ததுபோலவே அவர் பேர் போய்விட்டது. பொய் வெளிப்பட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை. நிஜமாக ஊதியதால் போனது.

டோலோரஸ் ஒரு தட்டில் உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் போட்டு எடுத்துவந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"மூணாவது சுரத்துலயே வந்துடுச்சே உன் வாத்து."

"மன்னிச்சுக்கோ டோலோரஸ்."

"எதுக்கு? ரெண்டு தடவ வந்துச்சு. அவர் ஒண்ணுதான கேட்டாரு." தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. பல்லே வேணாம், வெண்ணெய் மாதிரி இருக்கு."

இப்போது ரஸ் ஏகப்பட்ட ஊர்களில் மரத்துக்குப் பின்னால் நிற்கிறார். விர்ஜில் நின்ற இடத்தில் துப்பாக்கியோடு ஆர்லோ நிற்கிறார். பட்டாளம் கொம்பை மட்டுமே கொடுத்துவைத்த ஆள், முதல் வேட்டுக்கு இன்னும் கண்ணை மூடிக்கொள்கிறார். ஒவ்வொரு சாவு வீட்டிலும் அவரே போய்க் கேட்கிறார்: "பெட்டி வேணுமா, வாத்து வேணுமா?"

பெட்டி என்றால் ரஸ் என்று எடுத்துக்கொண்டு, இதுவரை எல்லாரும் பெட்டியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

லெஸ்டருக்கு மட்டும் வாத்து என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார் கண்ணுகளா. அதனால்தான் அவருக்கு என்மேல் கோபம்.