கூப்பிய கைகள்

பெட்டிக்குள் அப்பாவின் கையை எப்படி வைப்பது என்று பியூனரல் ஹோம் பெண் கேட்டபோது பேர்ணடெற் யோசிக்கவேயில்லை. இரண்டு பக்கமும் நீட்டி விடுங்கள் என்றாள். அப்பா செத்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பெட்டி, பூ, சாப்பாடு என்று எதைக் கேட்டாலும் வாய் தன்பாட்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இது ஒன்றைத்தான் அவளாகச் சொன்னாள்.

"விசர்க் கதை கதையாதை," என்றாள் தாய் கிளடிஸ். "கையை நீட்டி விட்டா செபமாலையை எங்கை குடுக்கிறது? வேதக்காரர் ஆர் உப்பிடிப் போனது?"

பேர்ணடெற் கல்லூரியில் மத்தியகால ஐரோப்பிய வரலாறு படிப்பிக்கிறவள். ஒவ்வொரு வருடமும் இரண்டு மாணவரை எழுப்பி நடிக்க வைப்பாள்: பணிய வருகிறவன் முழந்தாளிட்டு, கூப்பிய கைகளைப் பிரபுவின் கைகளுக்குள் வைப்பான். பிரபு மூடிப் பிடிப்பான். அன்றிலிருந்து பணிந்தவன் பிரபுவின் ஆள். முன்பு கைகளை விரித்து மன்றாடிய சனம் பிறகு கடவுளுக்கு முன்னாலும் அப்படியே கூப்பத் தொடங்கியது என்பார்கள். பாவம் என்பது எசமானின் மானத்துக்கு வந்த இழுக்கு என்று அந்தக் காலத்துத் துறவி ஒருவர் எழுதியும் வைத்தார். பரலோகத்திலும் ஒரு முதலாளி! பிள்ளைகள் சிரிப்பார்கள். அவளுக்கு அப்பா அருள்நாயகம்தான் நினைவுக்கு வருவார்.

மில்லிக்கன் என்ற இடத்தில் இருந்த கனகசிங்கத்தின் பலசரக்குக் கடையில் வேலை செய்வதுதான் அப்பாவின் சீவியம். வந்த புதிதில் பேஸ்மென்டில் இருக்க இடம் கொடுத்து, லோயர் பிடித்து, அகதிக் கேஸை வென்று தந்தவர் கனகசிங்கம். மறக்கலாமா? அப்பா மறக்கவில்லை. நத்தார்ப் பூசையில் கனகசிங்கத்தின் போன் வந்தாலும் எழும்பிப் போய்விடுவார். இவள் பட்டம் வாங்கிய அன்று, பெயர் கூப்பிடுமுன்னரே, கடையில் பிரீசர் பழுதென்று போய்விட்டார்.

"அண்ணை கூப்பிட்டவர், பிள்ளை," என்றார் பிறகு. அவ்வளவுதான். மேடையில் நின்று அந்த வெறும் கதிரையைப் பார்த்தது இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. பெட்டிக்குள்ளாவது அந்த மனிசன் ஒருவருக்கும் கை கூப்பாமல் கிடக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

பார்வைக்கு வைத்த அன்று போய்ப் பார்த்தால், கைகள் மார்பில் கூப்பியிருந்தன. செபமாலையும் சுற்றியிருந்தது. கிளடிஸ் முந்திப்போய்ச் சொல்லி வைத்துவிட்டாள். கோபம் வரவேண்டும், வரவில்லை. கதிரையில் போய் இருந்தாள்.

கனகசிங்கம் பொல்லு ஊன்றி வந்தார், நெற்றி நிறையத் திருநீறு. பெட்டியருகே குனிந்து, அந்தக் கூப்பிய கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் மூடிப் பிடித்தார்.

"என்னட்டைச் சொல்லாமல் ஒரு இடமும் போகமாட்டியேடா, அருள்."

தோள் குலுங்க அழுதார். பெற்ற மகளுக்கு வராத அழுகை அந்த மனிசனுக்கு வந்தது.

பிறகு இவளிடம் வந்தார். செத்த வீட்டில் எல்லோரும் செய்வதுபோல இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நீ அருளின்ரை பிள்ளை. என்ன வேணுமெண்டாலும் என்னட்டைக் கேள்."

"ஓம், அங்கிள்."

எப்போது எழும்பினாள், எப்போது சேர்த்தாள், ஒன்றும் தெரியாது. குனிந்து பார்த்தபோது அவளுடைய இரண்டு கைகளும் கூப்பியபடி அவருடைய கைகளுக்குள் இருந்தன. அவருடைய உள்ளங்கை சூடாயிருந்தது.