நாற்பது நிமிடத் தண்ணீர்

மெர்லீனின் உடம்பைத் துடைத்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டப் போனாள் நர்ஸ். மெர்லீனின் கணவர் ஓர்வல் விரைந்து போய் நர்ஸின் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். பின்கதவைத் தோளால் தள்ளித் திறந்து, எழுபத்தொன்பது வயது முட்டிகள் இரண்டும் முனக, பிளம் மரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தார். மண் ஒரே மடக்கில் குடித்தது.

மகள் ஷானா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குமாப்பா?"

"இன்னைக்கு என்ன நாள்னு மரத்துக்கு எப்படித் தெரியும்?"

நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தாள். மூச்சு மாறத் தொடங்கிவிட்டது, இன்று தாண்டுவது கஷ்டம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கேட்பதைக் கொடுங்கள், சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கற்கள். ஓர்வல் தன் கையால் பரப்பிய சாம்பல் நிறக் கற்கள், நடுவே நாலைந்து காட்டுச் செடிகள், அவற்றுக்கு அப்பால் தெரு, தெருவுக்கு அப்பால் ஜூலை வெயிலில் வறண்டு நின்ற வாசாட்ச் மலை. அதன் உச்சியில் பனி மே மாதமே காணாமல் போயிருந்தது.

முப்பத்தொரு வருடம் நகரத் தண்ணீர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் ஓர்வல். காலை பத்து மணிக்கு மேல் மாலை ஆறு மணி வரை யாரும் புல்லுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்ற விதியை எழுதிய மூன்று பேரில் அவர் ஒருவர். எழுதியதோடு நிற்கவில்லை. தெருத் தெருவாக வண்டியில் போய், மத்தியான வெயிலில் தெளிப்பான் ஓடும் வீடுகளின் கதவில் விதிமீறலைக் குறித்த மஞ்சள் சீட்டு மாட்டினார். சொந்தக்காரர், தேவாலயச் சபைக்காரர் என்று ஒருவரையும் விட்டதில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கடும் வறட்சியில், ஊருக்குச் சொல்கிறவன் வீட்டில் புல் இருக்கலாமா என்று தன் வீட்டுப் புல்தரையையே தோண்டி எடுத்தார். மெர்லீன் விதை தூவி வளர்த்த புல். கோடை ராத்திரிகளில் ஷானாவும் அவள் தம்பியும் அதில்தான் கம்பளி விரித்துத் தூங்குவார்கள். மெர்லீன் சண்டை போடவில்லை. கடைசி வண்டிக் கல் வந்து இறங்கியபோது மட்டும், "ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வை ஓர்வல், கூப்பிட்டா வருதான்னு பாப்போம்," என்றாள்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மெர்லீன் கண்ணைத் திறந்தாள்.

"ஓர்வல்."

"இங்கதான் இருக்கேன்."

"புல்லுல கால் வைக்கணும் போல இருக்கு. ஈரப் புல்லுல."

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

மெர்லீனின் உதட்டோரம் அசைந்தது. "ஆறு வரைக்கும் இருக்கச் சொல்றியா? போயும் போயும் சட்டம் போட்டவன்கிட்ட கேக்கறேன் பாரு."

ஓர்வல் எழுந்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு நடந்தார்.

பக்கத்து வீட்டு விலியாமி டோங்காத் தீவுக்காரன், ஐம்பது வயது, கதவளவு அகலம். கார் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓர்வலைக் கண்டதும் இரண்டு கைகளையும் மேலே தூக்கினான்.

"பெரியவரே, நான் ஒண்ணும் திறக்கல! குழாயைத் தொட்டுப் பாருங்க, காஞ்சு கிடக்கு."

"திறக்கணும்," என்றார் ஓர்வல்.

"என்னது?"

"தண்ணியை. இப்பவே. மெர்லீன் புல்லுல கால் வைக்கணுங்கறா."

விலியாமி கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அப்போ சொல்லிட்டாங்களா உங்ககிட்ட?"

"எதை?"

"ஒண்ணுமில்ல."

"எதைடா?"

"தினம் சாயங்காலம் ரொட்டி குடுக்கறேன், ஜாம் குடுக்கறேன்னு இங்க வருவாங்கல்ல. குடுத்துட்டு, செருப்பைக் கழட்டி அந்த மூலையில வெச்சுட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாங்க. பத்து நிமிஷம். நாங்க வீடு வாங்கி வந்த வருஷத்துலேருந்து. ஓர்வல்கிட்ட சொல்லிடாதே, கல்லைப் போட்டுட்டோமேன்னு வருத்தப்படுவான்னு சொன்னாங்க."

ஓர்வல் அந்தப் புல்லைப் பார்த்தார். தினமும் பார்த்த புல்தான்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றான் விலியாமி. "எனக்கு நீங்க மூணு சீட்டு மாட்டினீங்க. முதல் ரெண்டும் என் தப்பு, ஒத்துக்கறேன். மூணாவது நான் திறந்ததில்ல. நல்ல வெயில், ரெண்டு மணி. அன்னிக்கு மட்டும் மத்தியானமே வந்து, அவங்கதான் குழாயைத் திறந்துவிட்டுட்டு நடந்துகிட்டிருந்தாங்க. உங்க வண்டி முனையில திரும்புச்சு. நான் அவங்களை உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டு வெளியில வந்து நின்னேன்."

"நான் உனக்கு அரைமணி நேரம் புத்தி சொன்னேனே!"

"முக்கால் மணி நேரம்."

ஓர்வலுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு ஏதோவாக மாறப் பார்த்தது. அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

விலியாமி வந்து மெர்லீனைப் போர்வையோடு இரண்டு கைகளில் ஏந்திக்கொண்டான். சமையலறை நாற்காலியை ஷானா தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். புல்லின் நடுவே, தண்ணீர் எட்டும் எட்டாத இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள். குழாயை ஓர்வல்தான் திறந்தார். தெளிப்பான் டிக் டிக் டிக் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பி வீசத் தொடங்கியது. மெர்லீனின் வெளுத்த பாதங்கள் புல்லுக்குள் இறங்கி, விரல்கள் மெல்ல விரிந்தன.

"நீயும் கழட்டு," என்றாள்.

ஓர்வல் ஷானாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றினார்.

"எப்படி இருக்கு?"

"சில்லுன்னு இருக்கு."

"கண்டுபிடிச்சுட்டான்யா," என்றாள் மெர்லீன் விலியாமியைப் பார்த்து.

"மூணாவது சீட்டைப் பத்தி இவன் சொன்னான்," என்றார் ஓர்வல்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஜன்னல் திரைக்குப் பின்னால நின்னு பாத்தேன். என்ன அக்கறையா எழுதினே. உள்ள இருந்தது நான்னு தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

ஓர்வல் உண்மையாகவே யோசித்தார். "எழுதியிருப்பேன்."

"எனக்குத் தெரியும்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பழக்கதோஷத்தில் அவர் கண் கைக்கடிகாரத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் உள்ளங்கை நகர்ந்து வந்து அதை மூடியது. தெருவில் போன ஒரு கார் வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்தவர் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். விலியாமி முறைத்தான். ஓர்வல், "அலுவலகத்துக்கு அனுப்பத்தான் எடுக்கறார். அவர் செய்யறது சரிதான்," என்றார்.

அவள் தலை சாயத் தொடங்கியதும் குழாயை மூடினார்கள். விலியாமி அவளைத் திரும்பத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினான்.

அதன் பிறகு மெர்லீன் பேசவில்லை. ஷானா தம்பிக்குப் போன் போட்டு, அம்மாவின் காதருகே பிடித்தாள். ஓர்வல் கட்டில் விளிம்பில் ஈரக் காலோடு உட்கார்ந்திருந்தார். ஆறு மணி அடித்ததும் தெருவில் ஒவ்வொரு வீடாகத் தண்ணீர் எழுந்தது. எதிர்வீடு, கோடிவீடு, அதற்கும் அப்பால். இத்தனை தெளிப்பான்கள் ஒன்றாக ஓடுவதை, வண்டிக்குள் இருந்த அத்தனை வருடங்களில் அவர் கேட்டதே இல்லை. ஷானா ஜன்னலைத் திறந்துவிட்டாள். மெர்லீனின் மூச்சு அந்தச் சத்தத்தோடு சேர்ந்து கொஞ்ச நேரம் வந்தது, பிறகு இடைவெளி விட்டு வந்தது. ஆறே முக்காலுக்கு, வெளியே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, அது வரவில்லை.

"அப்பா," என்றாள் ஷானா.

"பாத்தேன்," என்றார் அவர்.

மறுநாள் காலை சபைப் பெண்கள் மூடிய பாத்திரங்களோடு வரத் தொடங்கினார்கள். சீஸும் உருளைக்கிழங்கும் போட்டு, மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் நொறுக்கித் தூவிய, சாவு வீட்டுக்கு வழக்கமாக வரும் அதே பதார்த்தம் பதினோரு மணிக்குள் மூன்று வந்துவிட்டது. அவர்களில் ஒருத்திக்குக் கதவைத் திறந்துவிட்டபோதுதான் பக்கத்து வீட்டு வாசலில் நகர அலுவலக வண்டி நிற்பதை ஓர்வல் பார்த்தார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் போலிருக்கிறது. கையில் மஞ்சள் சீட்டுக் கட்டு. விலியாமி அவள் முன்னால் தலையைக் குனிந்து நின்றான்.

ஓர்வல் கற்களைத் தாண்டி நடந்தார்.

"அது அவன் பேருக்கு இல்லம்மா. தண்ணியைத் திறந்தது நான்."

"பெரியவரே, நீங்க உள்ள போங்க," என்றான் விலியாமி. "நான் பாத்துக்கறேன்."

"போன தடவையும் நீதான் பாத்துக்கிட்டே." அந்தப் பெண்ணிடம் திரும்பி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைச் சொன்னார். "மத்தியானம் ஒண்ணு ஐம்பதுலேருந்து ரெண்டரை வரைக்கும். நாப்பது நிமிஷம்."

அவள் எழுதினாள். "காரணம்னு ஒரு இடம் இருக்கு சார். என்ன போடட்டும்?"

ஓர்வல் திரும்பிப் புல்லைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் நின்ற கார்கள், பாத்திரத்தோடு படியேறும் கறுப்பு உடைப் பெண்கள், முன்னறை ஜன்னலுக்குள் தெரிந்த வெறும் கட்டில். பேனாவை மூடப் போனாள்.

"சார், இதை விட்டுடலாம். நான் ஒண்ணும் பாக்கலைன்னு..."

"எழுதும்மா," என்றார் ஓர்வல். "அந்த இடத்தைக் காலியா விட்டுடு. மத்ததெல்லாம் சரியா எழுது."

வெயில் மஞ்சள் தாளில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. அவள் தேதி எழுதி, தெரு எழுதி, வீட்டு எண் எழுதி முடிக்கும்வரை, அவர் தொப்பியைக் கழற்றித் தாளுக்கு மேலே நிழலாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.