துரும்பு கிள்ளாத தேவசேனா

தேவசேனாவின் சனத்தில் ஒரு கல்யாணத்தை அறுத்துவிட ஒரு துரும்பு போதும். பெரியவர்கள் கோயில் முன்னால் கூடுவார்கள். பெண் வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போடுவாள். அத்தோடு சரி. காலம் மாறியதில் முத்திரைத்தாள் ஒன்றும் கூடச் சேர்ந்துகொண்டது. தாளில் எழுதிவிட்டால் அதுவே சட்டம் என்று வடகவுஞ்சியில் அவள் சொந்தக்காரர்கள் நம்பினார்கள்.

ஞாயிறு காலை, கோயில் முன்னால் நான்கு வயது மகள் தாரணியை மடியில் வைத்துக்கொண்டு தேவசேனா உட்கார்ந்திருந்தாள். எதிரே கணவன் கதிர்வேல். பிரிந்து இரண்டு வருடமாகிறது. அவனுக்கு வேறு பெண் பார்த்தாகிவிட்டது. அதில் அவளுக்கு வருத்தம்கூட இல்லை. ஆனால் அவன் சித்தப்பா பொன்னுச்சாமி வாசித்த தாளில் கடைசி வரி, 'பெண்குழந்தை தகப்பன் வீட்டுக்கே உரியது' என்றது.

"கிள்ளிப் போடுத்தா. வெரசா முடிச்சுட்டு அவனவன் சோலியப் பாக்கலாம்" என்றார் அவர்.

"மாட்டேன் மாமா."

"கொடைக்கானல் காத்து அடிச்சிருச்சுல்ல, அதான்!" என்று பின்னாலிருந்து உறவுக்காரன் முத்துராஜ் சிரித்தான். அவள் அங்கே ஒரு விடுதியில் சமையல் வேலை பார்ப்பது அவனுக்கு எப்போதும் கேலிதான்.

"ஆமாண்ணே, நல்லாவே அடிச்சிருச்சு. இலவச சட்ட உதவிக்குப் போயி வக்கீலம்மாவையே கேட்டுட்டு வந்திருக்கேன்."

வக்கீல் அனிட்டா அவளை நிற்க வைத்துப் பேசவில்லை. நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, புரியும்வரை மூன்று தடவை சொன்னாள். அந்த மரியாதையே தேவசேனாவுக்குப் பாதித் தெம்பைக் கொடுத்திருந்தது.

"தாள்ல எழுதிக்கிட்டா கல்யாணம் ரத்தாகாது மாமா, கோர்ட்டுதான் ரத்து பண்ணணும். நம்ம வழக்கம்னாலும் அதை அங்கதான் நிரூபிக்கணும். அதுக்குள்ள இவரு இன்னொரு தாலி கட்டுனா அது செல்லாது, குத்தமும்கூட. ரெண்டு பேரும் சேந்து மனுப் போட்டா ஆறு மாசத்துல பிரிஞ்சுக்கலாம். அதுக்கு நான் சம்மதம். பிள்ளைக்கு எது நல்லதுன்னு கோர்ட்டு பாக்கும். இம்புட்டு சின்னப் பிள்ளையப் பெரும்பாலும் தாய்கிட்டதான் விடுவாங்க."

"சாமி முன்னால எதுத்துப் பேசுறியா?" என்றார் பொன்னுச்சாமி.

"சாமி முன்னாலங்கிறதாலதான் பேசுறேன். பெத்த பிள்ளை எனக்கு வேணாம்ங்கிற பொய்யிக்கு எப்படிக் கையெழுத்துப் போட?"

அவர் முகம் கறுத்தது. சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருந்த கதிர்வேலின் அக்கா சண்முகசுந்தரியிடம் பேனாவை நீட்டி, "நீ போடு. அவ போடாட்டிப் போறா" என்றார்.

சண்முகசுந்தரி பேனாவை வாங்கவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து வந்து, தன் சால்வையை எடுத்துத் தாரணியைப் போர்த்திவிட்டு, தேவசேனாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏலே கதிரு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன மருந்து குடுக்கணும்னு உனக்குத் தெரியுமாலே?"

அவன் தாரணியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தில் யாரோ செருமினார்கள். பொன்னுச்சாமி தாளை மடித்து மடித்துப் பிரித்தார். கதிர்வேல் நிமிர்ந்தான்.

"கோர்ட்டுக்கு எப்ப வரணும்?"

"முதல்ல வியாழக்கிழமை வக்கீலம்மாகிட்ட வாங்க. காலையில வெள்ளனே வந்துருங்க" என்றாள் தேவசேனா. "பிள்ளையப் பாக்கணும்னா எப்ப வேணா வரலாம். அதுக்குத் தாளெல்லாம் வேணாம்."