இரண்டடி நல்ல மண்

அன்று சாயந்தரம் கந்தப்பனுக்கு வீட்டில் தேத்தண்ணி கிடைக்கவில்லை. அம்மாக்கண்ணு அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கேத்தல் கொதித்துக் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

"போய்ச் சொன்னது நீங்கதானே?" என்றாள் கடைசியில்.

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிற்சங்கத் தலைவர் கந்தப்பன். மைக் கிடைத்தால் மழை வந்தாலும் இறங்கமாட்டார். பெண்டாட்டியின் மூன்று வார்த்தைக்கு மட்டும் பேச்சு வரவில்லை.

லயத்து வரிசை அறைகளில் இருந்த குடும்பங்களுக்கு வீடு கட்டத் தலா ஏழு பேர்ச் நிலம் பிரித்தபோது முதல் தெரிவு தலைவருக்குத்தான். சரிவுகளை ஒதுக்கிவிட்டு, பள்ளத்தில் சமதரையாகக் கிடந்த துண்டை எடுத்தார். மண் சரியாமல் மதில் கட்டும் செலவு மிச்சம். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு தூங்கினார். நேர் மேலே உள்ள துண்டு மூக்கனுக்கு விழுந்திருப்பது மறுநாள்தான் தெரிந்தது.

மூக்கன் வீட்டில் கந்தப்பனின் ஆட்கள் கை நனைப்பதில்லை. கந்தப்பன் வீட்டில் மூக்கனுக்கென்று ஒரு கோப்பை உண்டு. குடித்துவிட்டு அவனே கழுவி, வாசலுக்கு வெளியே விறகுக் கட்டின் மேல் கவிழ்க்க வேண்டும். அப்படிப்பட்டவன் வீட்டுத் தண்ணீர் தன் வாசலுக்கு இறங்குவதா? ஆனால், தொழிலாளி எல்லாரும் ஒரே சாதி என்று மே தினத்தில் முழங்கிய வாயால் அதைச் சொல்வது எப்படி?

தலைவர் சட்டத்தைத் தேடினார். மூக்கனின் துண்டில் முன்பு மருந்து ஸ்டோர் இருந்தது. புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கும் மருந்தைக் கலக்கிக் கழுவி ஊற்றிய இடம். நஞ்சு ஊறிய மண்ணில் வீடு கட்டப் பிரதேச சபை விடாது. பஸ் ஏறிப் போய், மூக்கனின் பிள்ளைகள் மேல் அக்கறைப்பட்டவராகச் சொல்லிவிட்டு வந்தார். தன் குரலில் இருந்த கனிவை நினைத்து, திரும்பும் வழியில் அவருக்கே கண் கலங்கியது.

சபை மண்ணைச் சோதித்தது. அன்று காலைதான் உத்தியோகத்தர் சிவராசா வந்து, எல்லாரையும் கூட்டிவைத்து முடிவைச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்காமல் பேசுவார்.

"தலைவர், நீங்கள் வந்து சொன்னது நல்லதாப் போச்சு. ஸ்டோர் நிண்டது மேலதான். ஆனா இத்தனை வருச மழை சும்மா விடுமோ? எல்லாத்தையும் கழுவிக் கீழ கொண்டுவந்திட்டுது. மேல் துண்டு பிழையில்லை. பள்ளத்திலதான் நஞ்சு நிக்குது. அது ஆரின்ர காணி?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"நம்ம தலைவரோடதுங்க" என்றான் மூக்கன், வெகு மரியாதையாக.

"அப்ப ரெண்டடிக்குத் தோண்டி, நாங்கள் காட்டுற இடத்தில புதைக்க வேணும். பிறகு ரெண்டடிக்கு நல்ல மண் நிரப்பினாத்தான் கட்ட அனுமதி. அந்த மண்ணில புழங்கினாக் கையை நல்லாக் கழுவுங்கோ."

வீடு இல்லாவிட்டால் மகள் சர்மிளாவின் கல்யாணம் இல்லை. லயத்தில் சம்பந்தம் வேண்டாம் என்று பூண்டுலோயா மாப்பிள்ளை வீட்டார் முன்பே சொல்லியிருந்தார்கள். தேயிலை மலையில் ஒரு சட்டி மண் எடுக்க, தோட்டத்தை நடத்தும் தொரை விடமாட்டார். சோதித்து நல்லதென்று சபை ஒப்புக்கொண்ட மண் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஒன்றுதான் கிடந்தது. அத்திவாரத்துக்காக மூக்கன் சரிவை வெட்டிக் குவித்த மண்.

"காலைல போய்க் கேளுங்க" என்றாள் அம்மாக்கண்ணு. கேத்தலை இறக்கி, மிச்சத் தண்ணீரை வெளியே ஊற்றினாள்.

மறுநாள் காலை கந்தப்பன் பள்ளத்தில் முதல் நாலு கூடையைத் தோண்டி ஒதுக்கி, கையைக் கழுவிக்கொண்டு வந்ததும், மனைவி மகளோடு மூவருமாக மம்பட்டியும் கூடையும் எடுத்து மேலே ஏறினார்கள். மூக்கனும் அவன் மனைவி பேச்சாயியும் தகரக் கொட்டில் போட்டு அங்கேயே இருந்தார்கள்.

"அந்த மண்ணு உனக்குத் தேவப்படாதில்ல மூக்கா?"

"அள்ளிக்கிட்டுப் போங்க தலைவரே. காசெல்லாம் வேணாம். ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு அள்ளுங்க."

"இப்பத்தான் வீட்டுல குடிச்சிட்டு வந்தேன்." மூக்கன் வாசலில் கந்தப்பன் காலமெல்லாம் சொல்லிவரும் வாக்கியம் அது.

"பொய்யி" என்றாள் அம்மாக்கண்ணு. "நேத்து சாயந்தரத்துலருந்து இவருக்கு நான் தேத்தண்ணியே ஊத்தல."

அவளும் சர்மிளாவும் கோப்பையை வாங்கிக்கொண்டார்கள். பேச்சாயி ஒரு கையில் கோப்பையும் மறு கையில் சீனிப் போத்தலுமாகத் தலைவர் முன்னால் நின்றாள். நெடுநேரம் நின்றாள். சட்டத்தில் இதற்கு ஏதும் வழி உண்டா என்று பழக்கதோஷத்தில் அவர் மூளை தேடியது. இல்லை.

"எங்க மண்ணு மேலதான் ஒங்க அடுப்பு நிக்கப்போவுது" என்றான் மூக்கன். "ஒரு கோப்ப தண்ணி என்னா செஞ்சிறப் போவுது?"

கந்தப்பன் கோப்பையை வாங்கிக்கொண்டு மறு உள்ளங்கையை நீட்டினார். சீனி விழுந்தது. தோட்டத்து வழக்கப்படி சீனியை நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். எல்லா வீட்டுச் சீனியும் போலத்தான் இனித்தது. அவருக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வெறுங்கோப்பையை நீட்டியபோது பேச்சாயி வாங்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க தலைவரே. மருந்து மண்ணுல புழங்கின கையி. பிள்ளைங்க இருக்கிற எடம். பீலில நீங்களே கழுவி வச்சிருங்க."

குரலில் அத்தனை கனிவு. அந்தக் கனிவை அவருக்குத் தெரியும்.

மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் குந்தி, கோப்பையை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினார். கழுவியதை எங்கே வைப்பதென்று அவர் யாரையும் கேட்கவில்லை. கொட்டிலுக்கு வெளியே, விறகுக் கட்டின் மேல் கவிழ்த்துவிட்டு மம்பட்டியை எடுத்தார்.